ஓரத்தில் நின்ற பெண்

பம்பாய்
18.6.1995

பொன்மலர்,

கர்த்தருக்குள் பிரியமான என்று தொடங்குவதுதான் நம் வழக்கம். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த வார்த்தை வரவில்லை. அதனால் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனேன் என்று ஷூ கம்பெனி பேக்கிங் ஹால் முழுக்க நீ பேசுவதாக அம்மா எழுதியிருந்தார். ஓடிப்போகவில்லை. ராஜினாமா கொடுத்துவிட்டு, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறித்தான் வந்தேன். உன்னிடம் சொல்லியிருந்தால் வழியனுப்ப வந்திருப்பாய். உன் பின்னால் ஞானசீலனும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. முதலில் என்னைத்தானே பெண் பார்க்க வந்தார்கள்? எங்கள் வீட்டில், எங்கள் தட்டில், எனக்கு ஒத்தாசையாக நீ காபி கொண்டுவந்து வைத்தாய். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. காபி கொண்டாந்த பொண்ணு யாரு?" என்று அவர் அம்மா கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் சர்ச்சில் அவர் பெயரோடு உன் பெயரைச் சேர்த்துக் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

சரி, அது போகட்டும். காரியமாகத்தான் எழுதுகிறேன். நம் கம்பெனிக்கு ஷூ ஆர்டர் கொடுக்க இத்தாலியிலிருந்து வருவாளே மிரெல்லா, அவள் ஷூ வியாபாரத்தை விட்டுவிட்டாள். இங்கே மாடலிங் ஏஜென்சி ஆரம்பித்திருக்கிறாள். சேலைக்கடை காலண்டருக்குப் போட்டோ எடுக்கிற ஏஜென்சி இல்லை. மிலானில் பெரிய துணி நிறுவனங்கள் வருஷத்தில் இரண்டு தடவை புது உடுப்புகளை மேடையில் நடந்து காட்டும். அந்த மேடைக்குப் பெண்களை அனுப்புவதுதான் எங்கள் வேலை. இப்போதைக்கு ஏஜென்சி என்பது பாந்த்ராவில் ஒரு ஃப்ளாட், ஒரு போன், ஒரு ஃபேக்ஸ், அவள், நான். முன்னறையில் ஆபீஸ். பின்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறோம்.

எங்களுக்குப் புது முகங்கள் வேண்டும். நம் பக்கத்துப் பெண்களில் நல்ல உயரமாக, அழகாக யாராவது இருந்தால் போட்டோ வாங்கி அனுப்பு. ஊரில் எல்லா வீட்டுப் பெண்களையும் தெரிந்தவள் நீதான். வேறு யாரையும் கேட்க எனக்குப் பிடிக்கவும் இல்லை.

ஜெனிஃபா


ஆம்பூர்
9.7.1995

ஜெனிஃபா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. "ஏன் பேஜாரா இருக்க?" என்று அவர் கேட்டார். தலைவலி என்றேன்.

மிரெல்லா பேக்கிங் ஹாலுக்கு வந்த அன்று யாரை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள்? என்னை. யார் முகத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்த்தாள்? என் முகத்தை. நீ பக்கத்தில் நின்று அவள் சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். கடைசியில் கூட்டிக்கொண்டு போனது உன்னை. பம்பாயில் டைப்பிஸ்ட்டே கிடையாதா? எனக்கு வயிறு எரிகிறது. இதை எழுத எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நீ காபித் தட்டை இன்னும் மறக்காதபோது நான் மட்டும் எதற்குப் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்?

இருந்தாலும் கேட்டுவிட்டாய். சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லி வைத்தேன். பம்பாயில் வெள்ளைக்காரி கம்பெனியில் வேலை என்றதும் அம்மாக்களே போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். எல்லாம் பஜார் ஸ்டுடியோவில் பட்டுச்சேலை கட்டி, அருவிப் படத்துக்கு முன்னால் எடுத்தவை. ஒருத்தியும் நிறத்தில் கம்மி இல்லை. வட்ட முகம், லட்சணமான பெண்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வயது, படிப்பு, எந்தச் சபை, பாட்டு வருமா, சமையல் வருமா என்று விவரமாக எழுதியிருக்கிறேன். உயரம் மட்டும் எழுதவில்லை. உயரத்தை யாரும் எழுதிக் கொடுப்பதில்லையே.

கடைசியில் என் போட்டோ ஒன்றும் இருக்கும். சும்மா வைத்தேன். கல்யாணமானவளை எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் முதல் கல்யாண நாளுக்கு எடுத்த குடும்பப் போட்டோவும் வைத்திருக்கிறேன். அது மிரெல்லாவுக்கு இல்லை, உனக்கு. அவர் கோட்டு போட்டிருக்கிறார். நீ பார்க்க வேண்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

பொன்மலர்


பம்பாய்
2.8.1995

பொன்மலர்,

போட்டோக்களை மிரெல்லா தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தாள். பிறகு, "இந்தப் பெண்கள் எல்லோரும் ஏன் யாருக்கோ பயந்துகொண்டு நிற்கிறார்கள்?" என்று கேட்டாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுகிற போட்டோ என்று சொன்னேன். சிரித்தாள். பின்பக்கத்தில் நீ எழுதியதையும் படித்துக் காட்டினேன். சமையல் வரும் என்பதற்கு இன்னும் சிரித்தாள்.

தப்பு என்னுடையதும்தான். அழகாக என்று எழுதிவிட்டேன். நம் ஊரில் அழகு என்றால் மருமகளாகக் கூட்டிப் போகிற அழகுதானே. இவர்களுக்கு அது வேண்டாம். கழுத்து நீளமாக இருக்க வேண்டும். தோள் எலும்பு தெரிய வேண்டும். துணி உடம்பில் ஒட்டாமல் தொங்க வேண்டும். கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. உன் போட்டோவைப் பார்த்து, சோப்பு விளம்பரத்துக்கு அனுப்பலாம் என்றாள். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருப்பாய்.

குடும்பப் போட்டோவை நான் காட்டவில்லை. கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன். காரணம் உனக்குத் தெரியும், அதற்காகத்தானே அனுப்பினாய். மிரெல்லா தானாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கோட்டைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்க்கவில்லை. ஓரத்தில், பாதி தோள் போட்டோவுக்கு வெளியே போகிற மாதிரி, கூனிக்கொண்டு நிற்கிற பெண்ணைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். "இவள்" என்றாள்.

ஹெப்சிதானே அது? ஞானசீலனின் தங்கை. சர்ச்சில் குனிந்தேதான் உட்கார்ந்திருப்பாள். இவ்வளவு உயரமா அவள்? அவளை உடனே அனுப்பு. நான் நேரில் ஜோலார்பேட்டைக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

ஜெனிஃபா


ஆம்பூர்
10.9.1995

ஜெனிஃபா,

ஹெப்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு நாட்றம்பள்ளி. அதனால் உன் வெள்ளைக்காரியை வேறு எங்காவது வட்டம் போடச் சொல்.

உனக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் சொல்கிறேன். இந்த வீட்டில் அவள் பெரிய பாரம். அத்தனை உயரம், அந்தக் கறுப்பு, எலும்பும் தோலுமான உடம்பு. தெருப் பிள்ளைகள் கரண்ட் கம்பம் என்று கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் அவர்கள் உள்ளே நுழைவதற்கு முன்பே அத்தை அவளை உட்கார வைத்துவிடுவார்கள். எழுந்து வணக்கம் சொன்னதும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், அதோடு முடிந்தது. போட்டோ எடுக்கும்போது அவள் தோளை அழுத்திக் குனிய வைப்பது என் வேலை. இப்படிப்பட்டவளுக்கு ஒரு இடம் குதிர்ந்திருக்கிறது. அதைக் கெடுக்காதே.

ஒன்று கேட்கிறேன். பம்பாய் முழுக்க உயரமான பெண்கள் இருக்கிறார்கள். உனக்கு வேண்டியது ஹெப்சியா, இல்லை இந்த வீட்டிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதா?

சோப்பு விளம்பரம் என்றாயே, அதற்கு யாராவது கேட்டார்களா?

பொன்மலர்


பம்பாய்
5.11.1995

பொன்மலர்,

நீ பொய் சொல்கிறாய்.

நிச்சயமான கல்யாணம் என்றால் சர்ச்சில் ஓலை வாசிக்க வேண்டும். எங்கள் அம்மா ஒரு ஞாயிறு தவறாமல் முன் பெஞ்சில் உட்காருகிறவர். ஹெப்சியின் பெயரைப் பாஸ்டர் ஐயா வாசிக்கவே இல்லை என்று எழுதுகிறார். நாட்றம்பள்ளி சபையில் வாசித்திருப்பார்களோ என்று அங்கேயும் விசாரித்துவிட்டார். அங்கேயும் இல்லை. சர்ச்சில் கல்யாணம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டவள், ஓலை என்று ஒன்று இருப்பதை எப்படி மறந்தாய்? கோபத்தில் மறந்திருப்பாய்.

வயிறு எரிகிறது என்று எழுதினாய். எனக்கு மட்டும் குளிர்ந்தா இருக்கிறது? அந்தப் போட்டோவில் ஞானசீலன் உன் பக்கமாக லேசாகச் சாய்ந்து நிற்கிறார். அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் இரண்டு பேர் எரிச்சலுக்கு நடுவில் ஹெப்சி ஏன் குனிந்து நிற்க வேண்டும்? அவள் ஒருத்தி மிலான் மேடையில் ஏறினால் இந்த ஏஜென்சி நிற்கும். ஏறாவிட்டால் அடுத்த வருஷம் நாங்கள் கதவைச் சாத்த வேண்டியதுதான். மிரெல்லா நேற்று இதை என்னிடம் மறைக்காமல் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன்.

ஜெனிஃபா


ஆம்பூர்
20.1.1996

ஜெனிஃபா,

வந்தாய், ஜெயித்தாய், போனாய். இப்போது நிம்மதியா?

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பேண்ட் போட்டுக்கொண்டு, முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாய். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை. நானும்தான். முடிந்ததும் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் அவரை நிறுத்தி அவ்வளவு நேரம் பேசினாய். நான் கேக் தட்டோடு படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் பேசினால் பேப்பரை மடிக்காமல் கேட்கிற மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும், ஹெப்சி போகட்டும் என்றார். அத்தை அழுதார்கள். நான் குறுக்கே நின்றேன். பம்பாயில் கெட்டுப்போவாள், ஊர் சிரிக்கும், அப்புறம் யார் கட்டுவார்கள் என்று எல்லாமே சொன்னேன். அதுவரை வாயே திறக்காத பெண் எழுந்து நின்றாள். நிஜமாகவே நேராக எழுந்து நின்றாள், தாழ்வாக மாட்டிய டியூப்லைட் பட்டியில் அவள் தலை இடித்தது. "இந்த வீட்ல யாராச்சும் என்னை நிமிந்து நிக்க விட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

உன்னோடு போய்விட்டாள்.

அவர் இப்போதெல்லாம் விசில் அடித்துக்கொண்டே ஷேவ் செய்கிறார். தங்கைக்கு வழி பிறந்த சந்தோஷம் என்கிறார். நீ ஊருக்கு வந்துபோனதிலிருந்துதான் அந்த விசில். இதற்கு மேல் நான் எழுதினால் அசிங்கமாகிவிடும்.

பொன்மலர்


மிலான்
14.3.1997

பொன்மலர்,

ஒரு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ எழுத மாட்டாய் என்று தெரிந்ததால் நான் எழுதுகிறேன். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஹெப்சி சொன்னாள். வாழ்த்துகள். இந்த வார்த்தையை எழுதப் பத்து நாள் பிடித்தது, ஆனால் மனதோடுதான் எழுதுகிறேன்.

மேடை என்றால் நீ நினைக்கிற மாதிரி நாடக மேடை இல்லை. நீளமான ஒரு பாதை. இரண்டு பக்கமும் பத்திரிகைக்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள், பணக்காரர்கள். ஹெப்சி முதல் தடவை அதில் நடந்தபோது நான் திரைக்குப் பின்னால் அவள் பழைய சுடிதாரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காலுக்கு அவர்கள் வைத்திருந்த ஷூ பற்றவில்லை. குதிகாலில் ரத்தம். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. அப்படி நடக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த முகம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் போன் விடாமல் அடித்தது. ஃபேக்ஸில் தாள் தீர்ந்துபோனது. இப்போது மிலானில் எங்களுக்கு ஒரு மாடி முழுக்க ஆபீஸ், பம்பாயில் வேறு. ஆப்பிரிக்கா, பிரேசில், ரஷ்யா என்று பெண்கள் வருகிறார்கள். யார் எந்த மேடைக்கு, எந்த நாள் என்று முடிவு செய்கிற வேலை என்னுடையது. அதற்கு புக்கர் என்று பெயர். என்னை மேடம் என்கிறார்கள். உன் மாமியாரிடம் சொல், வாய் ஜாஸ்தியாக இருப்பதற்கு இங்கே சம்பளம் தருகிறார்கள்.

ஹெப்சிக்குப் பல் டாக்டர், பேங்க், இத்தாலி மொழி, முள்கரண்டி எல்லாவற்றையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உனக்குப் போன் செய்ய உட்கார்ந்துவிடுகிறாள். உன்னிடம் அப்படி என்ன பேசுகிறாள்? நான் அறைக்குள் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

ஜெனிஃபா


ஆம்பூர்
26.9.1999

ஜெனிஃபா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்றைக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். அவரிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் உன்னிடம்.

நான் இப்போது பேக்கிங் சூப்பர்வைசர். ஷூவுக்குள் காகிதம் திணித்து, ஜோடி சரிபார்த்து, பெட்டியை மூடி, கார்ட்டனில் அடுக்குகிற வேலைதான், நாற்காலி மட்டும் கூட. போன வாரம் இத்தாலி ஆர்டருக்குப் புதுப் பெட்டிகள் வந்தன. பக்கத்து டேபிள் ரஃபத் ஜஹான் கட்டை அறுத்து ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு, "பொன்மலர், இது உன் நாத்தனார் இல்லையா?" என்று கத்தினாள். மூடி முழுக்க ஹெப்சி. கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிக்கொண்டு, யாரையும் மதிக்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஹால் முழுக்கக் கூடிவிட்டார்கள். மேனேஜர் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார், எனக்கு வாழ்த்து சொல்லி. ஐந்தாயிரம் பெட்டி, ஜெனிஃபா. காலையிலிருந்து சாயந்திரம்வரை அவள் முகத்தை நான் என் கையால் மூடி மூடி அடுக்குகிறேன். என் அழகைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் என்னை எடுத்தார்கள். வேறு எதற்காகவும் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்த அழகு இப்போது மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டு நிற்கிறது. நான் குனிய வைத்தவள் பெட்டிமேல் நிற்கிறாள். எனக்கு எரியாமல் யாருக்கு எரியும்?

கம்பெனி குழந்தைக் காப்பகத்தில் இருக்கிற என் மகள் ஒரு காலிப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

இன்னொரு வேடிக்கை. சங்கத்தில் முன்பு நிறமான பெண்களின் போட்டோ கொடுத்த அதே அம்மாக்கள், இப்போது உயரமான கறுப்புப் பெண்களைக் கையைப் பிடித்து என் வீட்டுக்கு இழுத்து வருகிறார்கள். போட்டோவுக்கு நிமிர்ந்து நில் என்று அதட்டுகிறார்கள். உன் விலாசத்தைத் தருவதா வேண்டாமா?

பொன்மலர்


பாரிஸ்
11.1.2000

பொன்மலர்,

விலாசத்தைத் தாராளமாகக் கொடு. இங்கேயும் ஆபீஸ் திறந்துவிட்டோம். அடுத்து லண்டன். மிரெல்லா உலகப்படத்தில் பொட்டு வைத்துக்கொண்டே போகிறாள். நான் விமானத்திலேயே தூங்கி விமானத்திலேயே எழுந்திருக்கிறேன்.

உன் மகள் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறாள் என்ற இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்கு எரிகிற இடத்தில் எனக்கும் வேறு விதமாக எரிகிறது. ஹெப்சியை வளர்த்தது நான் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லக் கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் காய்ச்சல் வந்தால் அவள் அண்ணி என்றுதான் முனகுகிறாள். தோளை அழுத்தியவள் நீ. முனகுவது உன் பெயரை. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

போன் மணி அடிக்கிறது. அப்புறம்.

ஜெனிஃபா


மிலான்
3.6.2003

பொன்மலர்,

உதவி கேட்டு எழுதுகிறேன். எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நீ ஊகித்துக்கொள்ளலாம்.

ஹெப்சியை நியூயார்க்கில் ஒரு ஏஜென்சி கூப்பிடுகிறது. எங்களைவிடப் பெரியது. இந்த மாதக் கடைசியில் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது, அதற்குப் பிறகு அவளைப் பிடித்துவைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். சாப்பிடும்போது தட்டையே பார்க்கிறாள். கேட்டால், யோசிக்கிறேன் அக்கா என்கிறாள். அவளை வைத்துத்தான் இந்த ஏஜென்சி உண்டானது. அவள் போனால் மற்றப் பெண்களும் கதவைப் பார்ப்பார்கள்.

ஆனால் நான் கேட்பது ஏஜென்சிக்காக மட்டும் இல்லை. ஒரே வீட்டில் ஏழு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டோம். சாயந்திரம் அவள் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்காமல் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

அவள் உன் பேச்சைக் கேட்பாள். இரு என்று ஒரு வார்த்தை சொல். காபித் தட்டுக்கும் எல்லாவற்றுக்கும் சரியாகப் போகட்டும். ஞானசீலனைப் பற்றி இனி நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

ஜெனிஃபா


ஆம்பூர்
29.6.2003

ஜெனிஃபா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஹெப்சி போன் செய்துவிட்டாள். "நான் இன்னா செய்யட்டும் அண்ணி?" என்று கேட்டாள். என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். உன் கடிதமும் வந்து சேர்ந்தது. நீ கெஞ்சியதைப் படிக்க எனக்கு இனித்தது. போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் மாடி மாடியான ஆபீஸெல்லாம் ஆட்டம் காணும். ஆனால் போனால் ஹெப்சி இன்னும் மேலே போவாள், அதுவும் என்னால் தாங்க முடியாது. இரு என்றால் அவள் அதே இடத்தில் நிற்பாள், நீ வளர்ந்துகொண்டே போவாய். யார் வளர்ந்தால் எனக்குக் கம்மியாக எரியும் என்று பேக்கிங் டேபிளில் நின்று கணக்குப் போட்டேன். சிரிக்காதே. ரஃபத் ஜஹான் கூப்பிட்டது கூடக் காதில் விழவில்லை.

ஹெப்சி நியூயார்க்கில் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை. சந்தேகமாக இருந்தது. இன்னும் பெரிய பெட்டி, ரோட்டோரத்தில் பெரிய போர்டு, வேலூர் பஸ் ஸ்டாண்ட் முழுக்க அவள் முகம் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போதும் எரியவில்லை. நல்லாத்தான் இருந்தது. அந்த நெருப்பு எப்போது அணைந்தது என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசிப் பேசியே போயிருக்க வேண்டும்.

பிறகு உன்னை நினைத்தேன். அது அப்படியே இருந்தது.

போ என்று சொன்னேன். உன்னைப் பழிவாங்க மட்டும் சொல்லவில்லை. இரு என்று சொன்னால் அது மறுபடியும் அவள் தோளை அழுத்துவது மாதிரி. அதை இன்னொரு தடவை என் கையால் செய்ய முடியாது. ஆனால் பழிவாங்கலும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்றால் நீ நம்ப மாட்டாய்.

பொன்மலர்


மிலான்
8.8.2003

பொன்மலர்,

போய்விட்டாள். ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை.

ஏஜென்சி விழவில்லை, அதற்குச் சந்தோஷப்படாதே. இரண்டு பெண்கள் அவள் பின்னால் போனார்கள், ஆறு பேர் புதிதாக வந்தார்கள். மிரெல்லா டோக்கியோவில் இடம் பார்க்கிறாள். அவள் ஒரு நாள்தான் வருத்தப்பட்டாள். ஹெப்சி மாதிரி இன்னும் நிறைய பேர் கிடைப்பார்கள் என்கிறாள். கிடைப்பார்கள். நானே கண்டுபிடிப்பேன், இப்போது ஓரத்தில் நிற்கிறவர்கள்தான் முதலில் என் கண்ணில் படுகிறார்கள்.

நீ போ என்று சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதே இரண்டு காரணத்துக்காக. எனக்குத் தாங்காதது வேறு. அடுத்த அறையில் நான் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கடல் தாண்டி உனக்குப் போன் போட்டுக் கேட்டாளே தவிர, எழுந்து வந்து என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் போ என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுபடியும் காபியை நீயே கொண்டுபோய் வைத்துவிட்டாய் பொன்மலர். இந்தத் தடவை உன் மேல் தப்பில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

அன்றைக்குப் போனில் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? கேட்கவில்லை என்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. நான் புரிந்துகொள்கிறேன்.

ஜெனிஃபா


ஆம்பூர்
23.8.2003

கர்த்தருக்குள் பிரியமான ஜெனிஃபாவுக்கு,

கேட்டாள். போ என்று நான் சொன்னதும் சந்தோஷப்படவில்லை. "ஜெனிஃபா அக்கா தனியா ஆய்டுவாங்க அண்ணி. அவங்க முகத்தைப் பாத்துக் கேக்க எனக்கு தைரியம் இல்ல, கேட்டா நான் போவ மாட்டேன். நீங்க அவங்களுக்கு லெட்டர் போடுறத மட்டும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

எனக்காக அவள் ஒரு நாளும் அப்படி அழுததில்லை. அதனால்தான் போன கடிதத்தில் இதை உனக்கு எழுதவில்லை.

பொன்மலர்